தேளைப் படைத்தவர்

நைல் நதிக்கரையில், பாலைவனம் தொடங்குகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. பன்னிரண்டு பெண்கள் அங்கே துறவிகளாக வாழ்ந்தார்கள். தலைவி தபீத்தாளுக்கு வயது முப்பதுதான். அவளுடைய சிஷ்யை நொன்னாவுக்கோ நாற்பது முடிந்துவிட்டது. குருவே சிஷ்யையை 'அக்கா' என்று கூப்பிடுகிற மடம் அது.

அங்கே தினமும் ரொட்டி சுடுகிற வழக்கம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் சுட்டு, வெயிலில் கல்லாகக் காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்துத் தின்பார்கள். சுடுகிற நாளில் மாவுத் தாழியை அடிவரை காலி செய்வார்கள். இது தெரிந்தும் நொன்னா தன் புத்தகத்தை அந்தத் தாழிக்குள்தான் ஒளித்து வைத்திருந்தாள். துக்கத்தில் கிடப்பவளுக்கு நாள் கணக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது?

போதாத வேளை, ரொட்டி சுடுகிற அன்றைக்கே ஊர்த் தேவாலயத்தின் மூப்பர் ஏரோனும் படகில் வந்து இறங்கினார். கையில் ஆயரின் கடிதம். திருச்சபை விலக்கிய புத்தகம் யாரிடம் இருந்தாலும் அவர் பொழுது சாய்வதற்குள் மடத்தை விட்டுப் போய்விட வேண்டும். அவர் வீட்டில் இறந்தவர்களின் பெயர் இனிமேல் பலிபீட வேண்டுதலில் வாசிக்கப்படாது.

நாளைக்குப் பாமுனின் முதல் நினைவு நாள். பாமுன் நொன்னாவின் ஒரே பிள்ளை. ஆறு வயதில் தேள் கொட்டிச் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் அவள் மடத்துக்கு வந்தாள்.

தாழிக்குள் கைவிட்ட பெண் மாவு அப்பிய புத்தகத்தை வெளியே எடுத்தாள். மூப்பர் அதை வாங்கித் தட்டினார். வெள்ளையாகப் பறந்தது.

"யாருடையது?"

நொன்னா முன்னால் வந்தாள். "என்னுடையது, ஐயா."

அவர் நாலு ஏடு புரட்டினார். "இதை நம்புறியா?"

"நம்புறேன். இந்த உலகத்தைப் படைச்சது மெய்யான கடவுள் இல்லையாம். கீழே இருக்கிற ஒரு குருட்டுத் தேவனாம். மேலே ஒருத்தர் இருக்கிறதே தெரியாம, நான்தான் கடவுள்னு பெருமை அடிச்சுக்கிட்டானாம். இந்த உடம்பு அவன் மண்ணுல பண்ணின சிறை. உள்ளே இருக்கிற வெளிச்சம் மட்டும்தான் மேலே இருக்கிறவருடையது. அதை அறிஞ்சவங்களுக்கு விடுதலை."

"அறிஞ்சாலே விடுதலைன்னா சிலுவை எதுக்கு?"

"மீட்பர் அதுல தொங்கவே இல்லையாம். அவர் சாயல்தான் தொங்குச்சாம். அவர் தள்ளி நின்னு சிரிச்சாராம்."

மூப்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "கடவுள் ஒருத்தர்தான். வானத்தையும் பூமியையும் அவர்தான் படைச்சார். எல்லாம் நல்லதுன்னு கண்டார். மெய்யாவே மனுஷ உடம்பெடுத்தார், மெய்யாவே செத்தார், அந்த உடம்போடவே எழுந்தார். உன் மகனும் உடம்போட எழுந்திருப்பான். அழாதேன்னு அன்னைக்கே சொன்னேனே!"

"சொன்னீங்க. அடக்கத்தன்னைக்கு நான் அழுததுக்கு, விசுவாசம் இல்லாதவள்னு ஊர் முன்னாடி திட்டினீங்க. இந்தப் புத்தகமும் அழாதேன்னுதான் சொல்லுது. ஆனா திட்டலை."

நொன்னா தபீத்தாள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. தேளைப் படைச்சவர் நல்லவரா?"

தபீத்தாள் அடுப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுப்பு காஞ்சிடுச்சு. துடைக்கத் துணி வேணும்."

அடுப்பின் உள்சுவரில்தான் ரொட்டியை ஒட்டுவார்கள். அதற்கு முன்னால் ஈரத்துணியால் சாம்பலைத் துடைத்துவிட வேண்டும்.

"அம்மா, நான் கேட்டது..."

"உங்க மடியில ஒரு துணி இருக்கே. அதைக் குடுங்க, அக்கா."

நொன்னா விறைத்துப் போனாள். அந்தத் துணி அவள் மடியில் ஒரு வருஷமாக இருக்கிறது. மடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"அது பாமுன் சட்டை."

"தெரியும். சிறைக்குப் போட்ட உறைதானே? உள்ளே இருந்தவன்தான் விடுதலையாகிப் போயாச்சே."

புத்தகம் சொல்வதும் அதுதானே! நொன்னா சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அழவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

தபீத்தாள் சட்டையை வாங்கிக்கொண்டு தண்ணீர்ச் சட்டியின் பக்கம் போனாள். குனிந்தாள். துணியின் நுனி தண்ணீருக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"நனைக்காதீங்க!" நொன்னா பாய்ந்து வந்து பிடுங்கினாள். "அவன் வாசனை இன்னும் இருக்கு அதுல! துவைக்கவே இல்லை நான்!"

சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கத்தன்று பாதியில் நிறுத்திய அழுகை இப்போது வந்தது. வாய்விட்டு, வெட்கமில்லாமல், பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுகிற மாதிரியே அழுதாள்.

மூப்பருக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். "பார்த்தியா? உடம்பு அருமையானதுன்னு நீயே ஒத்துக்கிட்டே. படைப்பெல்லாம் நல்லதுன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்குப் பேரை வாசிச்சிடுறேன்."

"ஒரு நிமிஷம், அக்கா." தபீத்தாள் சட்டையைக் கேட்டு வாங்கி, மூப்பரின் இரண்டு கையிலும் வைத்தாள். "முதல்ல நீங்க சொல்லுங்க, ஐயா. இதைப் பிடிச்சுக்கிட்டு, இவங்க கண்ணைப் பார்த்து, தேளும் நல்லதுதான்னு சொல்லுங்க."

மூப்பர் குனிந்து பார்த்தார். நாலு விரல் அகலத்தில் சட்டைக் கை. கழுத்தோரம் அத்திப்பழக் கறை. அந்தக் கறையிலேயே அவர் பார்வை நின்றுவிட்டது.

தொட்டியில் ஏற்கெனவே பிசைந்து வைத்திருந்த மாவு பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. ஒருத்தியும் நகரவில்லை.

அவர் உதடு இரண்டு தடவை அசைந்ததை நொன்னா பார்த்தாள். வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை குழந்தைகளைப் புதைத்திருப்பார்! அத்தனை தாய்மாரிடமும் அழாதே என்றுதான் சொல்லியிருப்பார். சொல்ல வேறு என்ன இருந்தது அவரிடம்?

"பேரு பாமுன்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"நாளைக்கு வாசிக்கிறேன்."

சட்டையை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். ஆயரின் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். நொன்னா தடுக்கவில்லை.

தபீத்தாள் தன் முக்காட்டின் நுனியைக் கிழித்து நனைத்து அடுப்பைத் துடைத்தாள். முதல் ரொட்டியைத் தட்ட ஆரம்பித்தாள். நொன்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. தேளைப் படைச்சவர் நல்லவரா?"

"அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது, அக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல உயிரோட எழுப்பிடப் போறோம்னு தெரிஞ்சும், சிநேகிதன் கல்லறை வாசல்ல நின்னு நம்ம மீட்பர் அழுதாரே, அவரை மட்டும்தான் எனக்குத் தெரியும்."