கார்டுக்குள் கொள்ளாத கல்யாணம்

மந்தைக்குளத்தில் அறிவைக் கூவி விற்றாலும், "எங்க வீட்டுல நெறைய கெடக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஊரிலேயே வெயிலுகந்தானும் அவன் தம்பிகள் சுடலைக்கண்ணுவும் மாடக்கண்ணுவும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தார்கள்.

வெயிலுகந்தான் பெண்டாட்டி பகவதிக்கு ஒரே ஓர் ஆசை. வருஷா வருஷம் கல்யாண நாளன்று கல்யாண வீடியோவைப் பார்க்க வேண்டும். "காட்டலன்னா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்களே பொங்கித் தின்னுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவள் இல்லாத வீட்டை வெயிலுகந்தானால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

செங்கல் மாதிரி கனத்த காசெட் சில வருஷம் ஓடியது. பிறகு காசெட்டை ஓட்டும் டெக் மண்டையைப் போட்டது. கல்யாணத்தைப் படம்பிடித்த ஸ்டூடியோ ராஜாமணியிடம் ஓடினார்கள்.

"இனி டெக் கெடைக்காது அண்ணாச்சி. சிடியில போட்டுத் தாறேன். ஆனா முழுசும் கொள்ளாது, கொஞ்சம் கொறைக்கணும்."

அப்பளம் போலிருந்த சிடியை மூவரும் உற்றுப் பார்த்தார்கள்.

"முன்னூறு பேரு இதுல எப்பிடிண்ணே உக்காருவாங்க?"

"நெருக்கி உக்காந்தா?"

"பந்தியில எல போட எடம் வேணும்லா?"

நியாயமான கேள்வி. குண்டாக இருந்த சொந்தக்காரர்களை எல்லாம் இறக்கிவிடச் சொன்னார்கள். ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டு வெட்டிக் கொடுத்தான்.

அடுத்து டிவிடி வந்தது. "இதுல நெறைய கொள்ளும்" என்றான் ராஜாமணி. சுடலைக்கண்ணு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். ஒரே அளவு. யாரை ஏமாற்றப் பார்க்கிறான்? ஒருத்தரையும் திரும்ப ஏற்றவில்லை.

அப்புறம் விரல் நீளத்தில் பென்டிரைவ். "நாயனமே இதவிட நீளம்லா" என்றான் மாடக்கண்ணு. மேளக்காரர்கள் போனார்கள். பின்னாலேயே மண்டபமும் போயிற்று.

கடைசியில் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு வந்து சேர்ந்தது. வெயிலுகந்தான் பயந்துபோய்ப் பகவதியிடமே கேட்டான்.

"நீங்க எனக்குத் தாலி கட்டுறத மட்டும் பாத்தாப் போதும்" என்றாள் அவள்.

தம்பிகளைக் கூட்டி ஆலோசித்தான். "தாலி கட்டுறது எதுல?"

"கை."

"அப்ப தலை எதுக்கு? சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு."

கல்யாண நாள் வந்தது. டிவியில் பகவதியின் கழுத்து தெரிந்தது. எங்கிருந்தோ இரண்டு கை வந்து தாலி கட்டிவிட்டுப் போயின.

"இது யாரு கை?" என்றாள் பகவதி.

"எங்கைதான்."

மாடக்கண்ணு தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "எங்கை மாதிரியும் இருக்குண்ணே."

பகவதி எழுந்து பையில் சேலைகளைத் திணித்தாள். வெயிலுகந்தானுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "போவாத பகவதி. தப்பு நம்ம பேர்லதான். கல்யாணத்தப் பெருசா வச்சிட்டோம். இன்னொரு தடவ கட்டுதேன், இந்தக் கார்டுக்குத் தக்கன."

பகவதி யோசித்தாள். அவளும் மந்தைக்குளத்தில் பிறந்தவள்தானே. பையைக் கீழே வைத்தாள்.

அடுத்த முகூர்த்தத்திலேயே வீட்டுக்குள் கல்யாணம். மாப்பிள்ளை, பொண்ணு, தேடிப் பிடித்த ஓர் ஒல்லி ஐயர், அவ்வளவுதான். கூடப் பிறந்த தம்பிகளே இடத்தை அடைக்க வேண்டாமென்று வெளியே காவல் நின்றார்கள்.

ராஜாமணி கேமராவோடு வந்தான். மாடக்கண்ணு இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"உள்ள ஏற்கெனவே மூணு பேரு. நீரும் கேமராவுமா வந்து ஏறுனா எப்பிடிவே கொள்ளும்? கார்ட மட்டும் குடுத்துட்டுப் போரும்."