செண்பகவல்லியின் விடுமுறைக் கணக்கு

ஞானதுரை சாரிடம் படித்த பிள்ளைகளைப் பற்றி அந்த ஊரில் நிறையப் பேர் சொல்வார்கள். இது அவரிடம் படித்த ஒரு தாயைப் பற்றியது.

அவள் பெயர் செண்பகவல்லி. கடைத்தெருவில் ஒரு பேன்சி ஸ்டோரில் வளையலும் ரிப்பனும் எடுத்துக் கொடுக்கிற வேலை. கணவர் சுடலைமுத்து லோடு ஆட்டோ ஓட்டினார். ஒரே மகள் ஆவுடைச்செல்வி. ஏழாம் வகுப்பு முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த அன்று வீட்டுக்கு வந்தவள், கணக்குப் புத்தகத்தைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, இனிமேல் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டாச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள். செண்பகவல்லிக்கு அதுதான் பயமாக இருந்தது.

நடந்ததை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். பரீட்சைக்குச் சில நாள் முன்பு வகுப்பைப் பார்வையிட வெளியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி ஆவுடையைப் போர்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாக்பீஸைக் கையில் வாங்கியவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. கணக்கு வாத்தியார் ஞானதுரை பக்கத்தில் வரப் பார்த்தபோது, வந்தவர்களில் ஒருவர், இருங்க சார், பிள்ளையே போடட்டும் என்று சொல்லிவிட்டார். பிள்ளை போடவில்லை. நின்றாள். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே முன்பெஞ்சு வரைக்கும் வந்தது.

சுடலைமுத்து மகளை வற்புறுத்த வேண்டாம் என்றார். தையல் பழகட்டும், நம்ம பிள்ளைக்குக் கை நல்லா வரும் என்றார். ஆவுடை சரி என்று தலையாட்டினாள். செண்பகவல்லி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். எதற்கும் அதே தலையாட்டல்தான்.

அவள் ஞானதுரையைத் தேடிப் போனாள். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் அறை எடுத்திருந்தார். விடுமுறைக்கும் ஊருக்குப் போகாமல், ஏதோ மேல்பரீட்சைக்காக ஏழாம் வகுப்பு வராந்தாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் அவரை சார் என்றாள். அவர் அவளை அக்கா என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். அவர் குரலைக் கேட்டதும் ஆவுடை பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை செண்பகவல்லி மறுபடியும் வராந்தாவில் நின்றாள்.

"எனக்குச் சொல்லிக் கொடுங்க சார். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுல இருந்து ஆரம்பிக்கணும்?"

"எங்க விட்டேனோ அங்க இருந்துதான்."

"எங்க விட்டீங்க?"

அவள் யோசித்தாள். படிப்பை நிறுத்தியது ஒன்பதாம் வகுப்பில். ஆனால் கணக்கை அதற்கு வெகு முன்பே விட்டிருந்தாள். எந்த இடம் என்று இத்தனை வருஷத்தில் அவளும் யோசித்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

"பின்னத்துல" என்றாள்.

"உக்காருங்க."

கடை திறக்கப் பத்தரை ஆகிவிடும். அதுவரைக்கும் தினமும் படித்தாள். முதல் நாள் முக்காலையும் அரையையும் எழுதி வைத்துக்கொண்டு, எதைத் தலைகீழாகத் திருப்பிப் போடவேண்டும் என்று கேட்டாள். அவர் ஒன்றையும் திருப்பச் சொல்லவில்லை. முக்காலுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னு கேக்கான், அவ்வளவுதான் என்றார். அவள் மனசுக்குள் முக்காலைப் பிட்டுப் பார்த்தாள். ஒரு அரை போனது. மிச்சம் இருந்தது அரையில் பாதி.

"ஒன்றரையா சார்?"

"ஒன்றரை."

கடைக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரை என்கிற வார்த்தையை வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

அதன் பிறகு வெறிபிடித்தவள் போலப் போட்டாள். கடையில் ஆள் இல்லாத நேரம் வளையல் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் போட்டாள். சோறு கொதிக்கிற நேரத்தில் போட்டாள். காலையில் கற்றதை மாலைக்குள் ஒரு பிசகும் இல்லாமல் பழகிக்கொண்டு, விளக்கு வைத்ததும் மகளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். கை நிற்காமல் போட்டுக் காட்டினாள். மகள் முன்னால் ஒரு இடத்தில்கூடத் தடுமாறக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

ஆவுடை வந்து உட்கார்ந்தாள். பார்வை மட்டும் அம்மாவின் தோளுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. ஏட்டி, புரியுதா என்று கேட்டால், புரியுது என்றாள். நீ போடு என்றால் பென்சிலைத் தொடமாட்டாள். ஒருநாள் மட்டும் தானாக வாயைத் திறந்தாள்.

"ஒனக்கு வருதும்மா. எனக்கு வராது."

அந்தச் சொல் செண்பகவல்லியை அன்று தூங்கவிடவில்லை. காலையில் வராந்தாவுக்குப் போனவள் உட்காரவும் இல்லை.

"நான் ஒரு தப்பும் இல்லாமத்தான் போட்டுக் காட்டுதேன் சார். பொறவு ஏன் அவளுக்கு ஏற மாட்டேங்குது?"

ஞானதுரை தன் தடித்த புத்தகத்தை எடுத்தார். மடித்து வைத்திருந்த ஒரு பக்கத்தைப் பிரித்து, அதிலிருந்த கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு, போட ஆரம்பித்தார்.

அவள் காத்திருந்தாள். அவர் அரைப் பக்கம் எழுதினார். நிறுத்தினார். மேலே போய் முதல் வரியிலிருந்து வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் நின்று தலையைச் சொறிந்தார். அத்தனையையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். வராந்தா முழுக்க நடந்துவிட்டு வந்து வேறு மாதிரி ஆரம்பித்தார். அதுவும் நின்றது.

முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டது ஒன்று, இவர் செய்வது ஒன்று. பிறகு எப்போது பெஞ்சில் உட்கார்ந்தாள், எப்போது அந்தத் தாளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதிலிருந்த எழுத்துகளில் ஒன்றுகூட அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும், அவர் பேனா வேகமாக ஓடியபோது அவளுக்கும் மூச்சு வேகமாக வந்தது. அது நின்றபோது, ஐயோ என்றிருந்தது.

கடைசியில் அவர் புத்தகத்தை மூடினார்.

"வரலயா சார்?"

"இன்னைக்கு வரல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் உக்காருவேன்."

அவள் தயங்கினாள். "நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"கடைக்கு நேரமாச்சு அக்கா" என்றார் ஞானதுரை.

அன்று கடையில் யாரோ பச்சை வளையல் கேட்க, அவள் சிவப்பை எடுத்துக் கொடுத்தாள். அவள் நினைவெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. குறுக்குக்கோடு போட்டு அடித்தபோது சார் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று திரும்பத் திரும்ப யோசித்தாள். இல்லை. கொசுவை அடித்தவர் முகம் போலத்தான் இருந்தது.

அன்று மாலை அவள் மகளைக் கூப்பிடவில்லை. தான் மட்டும் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சார் இன்னும் நடத்தாத ஒரு பாடத்தைப் பிரித்தாள். முழுக்கள். மைனஸ் ஏழிலிருந்து மைனஸ் மூன்றைக் கழிக்கச் சொல்லியிருந்தது. மைனஸ் பத்து என்று போட்டாள். புத்தகத்தின் பின்பக்கத்து விடையில் மைனஸ் நாலு இருந்தது. அடித்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் பத்துதான் வந்தது. பின்பக்கத்தில் அச்சுப்பிழையோ என்றுகூட நினைத்தாள். மகளுக்காக அவள் நடிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

டிவி பார்த்துக்கொண்டிருந்த ஆவுடை தண்ணீர் குடிக்க எழுந்தாள். போகும்போது பார்த்தாள், வரும்போதும் பார்த்தாள். டிவியில் சத்தத்தைக் குறைத்தாள்.

அடுத்த நாளும் செண்பகவல்லி அதே கணக்கில் உட்கார்ந்திருந்தாள். தாளில் அடித்த கோடுகள்தான் அதிகம். தலைக்கு மேல் நிழல் விழுந்தது.

"யம்மா, அது மைனஸ் பத்து இல்ல."

"பொறவு?"

"தெரியல. ஆனா பத்து இல்ல."

"நானும் அதத்தான் நேத்துல இருந்து பாக்கேன்."

ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆவுடை, போன வருஷம் கோடு போட்டு அதன் மேல் நடக்கவிட்டார்கள் என்றாள். எப்படி என்று கேட்டதற்குச் சரியாக ஞாபகம் இல்லை என்றாள். பிறகு கோலமாவு டப்பாவை எடுத்து வந்து, கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். நடுவில் பூஜ்யம். வலப்பக்கம் பிளஸ் எண்கள், இடப்பக்கம் மைனஸ் எண்கள்.

மைனஸ் ஏழில் போய் நின்றாள்.

"கழிக்கணும்னா மைனஸ் பக்கமாத் திரும்பி நிக்கணும்" என்றாள். திரும்பினாள். "கழிக்கிற எண்ணும் மைனஸா இருந்தா..."

அங்கேயே நின்றுவிட்டாள். செண்பகவல்லிக்கு விடை தெரியும். பின்பக்கத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனால் அது கிடைக்கும் என்றும் இப்போது ஊகிக்க முடிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"முன்னால நடக்கக் கூடாதும்மா" என்றாள் ஆவுடை, யாரிடமோ சொல்வதுபோல. "பின்னால நடக்கணும்."

பின்னோக்கி நடந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. குனிந்து பார்த்தாள். குதிகால் மைனஸ் நாலின் மேல் இருந்தது.

செண்பகவல்லிக்குக் கண் கலங்கியது. மகள் அதைப் பார்க்குமுன் குனிந்து அடுத்த கணக்கை வாசித்தாள். "இப்ப நான் நிக்கேன். நீ சொல்லு" என்றாள்.

சுடலைமுத்து வந்தபோது அம்மாவும் மகளும் ஆளுக்கொரு எண்ணின் மேல் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன ஏது என்று புரியாமல் உள்ளே கால் வைக்கப் போனவரை ஆவுடை தடுத்தாள். "அப்பா, பிளஸ் பக்கமா வாங்க." அவர் எது பிளஸ் பக்கம் என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். சாப்பிடும்போது அவர் தையலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மே மாசம் அப்படிப் போனது. ஆவுடை நிறையத் தப்புப் போட்டாள். தசமப் புள்ளியைக் கண்ட இடத்தில் வைத்தாள். சதவீதத்தில் மூன்று நாள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். ஒருநாள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். செண்பகவல்லி எடுத்துக் கொடுக்கவில்லை. அவளுக்கு அவளுடைய கணக்கு இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆவுடையே போய் எடுத்து, தூசியைத் தட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போவாயா என்று செண்பகவல்லி கேட்கவே இல்லை. கேட்க நாக்கு நுனிவரை வரும். அடக்கிக்கொள்வாள்.

பள்ளி திறக்கச் சில நாளே இருந்தபோது, காலையில் அவள் கிளம்புகையில் ஆவுடை தலைவாரிக்கொண்டு வந்து நின்றாள். சாரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. கூடவே நடந்து வந்தாள். வகுப்பு வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். உள்ளே பெஞ்சுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஞானதுரை ஈரத்துணியால் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்து அவர் ஆச்சரியம் காட்டவில்லை. வா என்றார்.

ஆவுடை வாசலைத் தாண்டி உள்ளே போனாள். செண்பகவல்லி வராந்தாவிலேயே நின்றுகொண்டாள்.

"சார், நான் எட்டாங்கிளாஸுக்கு வந்தா, நீங்கதான கணக்கு எடுப்பீங்க?"

"ஆமா."

"போர்டுக்குக் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடுவேன்."

அவள் போர்டைப் பார்த்தாள். ஈரம் பாதி காய்ந்து, பாதி கறுப்பாக இருந்தது.

"அன்னைக்கு மாதிரி, எல்லாரும் பாத்துட்டு இருக்கும்போது ஒண்ணுமே வரலன்னா?"

ஞானதுரை துணியை ஜன்னலில் போட்டார். சாக்பீஸ் டப்பாவில் துழாவி, உடையாத ஒன்றாக எடுத்து அவளிடம் நீட்டினார்.

"வரலன்னு எழுது. அதுக்குக் கீழ இருந்து ஆரம்பிப்போம்."