கை கியர் காரும் கல்யாணப் பொண்ணும்

இந்தக் கதையை எனக்கு முதல்ல சொன்னது எங்க ஜெசிந்தா பெரியம்மா. எட்டாங்கிளாஸ் முழுப்பரீட்சை நேரம், நான் மஞ்சக்காமாலையில படுத்திருந்தேன். கீழாநெல்லிச் சாறு கசக்குதுன்னு வாயைத் திறக்க மாட்டேன். ஒரு வாய்க்கு ஒரு துண்டு கதைன்னு சொல்லிச் சொல்லியே குடிக்க வெச்சாங்க. உனக்குச் சாறெல்லாம் வேண்டாம் ஷெபா. நீ "ம்" மட்டும் கொட்டு, போதும்.

ஒரு ஊர்ல ஒரு அப்பா, ஒரு மக, ஒரு பழைய கார். அப்பா பேரு ஆசீர்வாதம். மக பேரு எப்சிபா. காருக்குப் பேரு ஒண்ணும் கிடையாது. ஆமை மாதிரி முதுகு வளைஞ்சு, பாலாடை நிறத்துல இருக்கும். இருபத்தாறு வருஷமா ஊர்ல உள்ள கல்யாணப் பொண்ணுங்களை எல்லாம் அந்தக் கார்லதான் ஆசீர்வாதம் உள்ளூர், பக்கத்து ஊர்க் கோயில் வாசல்ல கொண்டு போய் இறக்குவாரு. நம்ம சர்ச்சைத்தான் சொல்லுறேன், நம்ம பக்கம் கோயில்னுதானே சொல்லுவோம்.

அப்புறம் எப்சிபாவுக்கே கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை ரூபன், பக்கத்து ஊரு, கப்பல்ல வேலை. எல்லாருக்கும் சந்தோஷம். கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கையில அப்பா முருங்கைக்காய் பறிக்க மரத்துல ஏறினாரு. முருங்கைக் கொப்பு ஆளைத் தாங்குமா? மடார். இடது கை மணிக்கட்டு ஒடிஞ்சு மாவுக்கட்டு போட்டாச்சு.

வலது கை நல்லாத்தானே இருக்கு, ஓட்டலாமேன்னு நீ கேப்பே. அங்கதான் சங்கதி. அந்தக் கார்ல கியர் தரையில இருக்காது. ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் கழுத்துல ஒரு குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும், அதுதான் கியர். இடது கை இல்லாம அது அசையாது.

அப்பாவுக்குச் சோறு இறங்கல. ஊருப் பொண்ணுங்களை எல்லாம் இறக்கி விட்டேன், என் பொண்ணை வேற எவன் வண்டியிலயோ ஏத்தி விடணுமான்னு ஒரே புலம்பல். எப்சிபா, நீங்க பக்கத்துல இருந்து சொல்லித் தாங்க, நான் ஓட்டுறேன்னா. அம்மா இல்லாத அவளை வளர்த்தது அப்பாவோட அக்கா, தங்கபுஷ்பம் அத்தை. அத்தை ஒத்துக்கல. முக்காடு போட்ட பொண்ணு வண்டி ஓட்டிக்கிட்டுப் போனா மாப்பிள்ளை வீட்டார் சிரிக்க மாட்டாங்களான்னா. கடைசியில அத்தையே ஒரு தீர்ப்பு சொன்னா. கட்டுப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எப்சிபா ஓட்டட்டும். கல்யாணத்தன்னிக்கு அத்தை மவன் டைட்டஸ் ஓட்டட்டும். டைட்டஸ் டவுன்ல புதுக் கார் ஓட்டுறவன். இந்தப் பெட்டியை ஒத்தைக் கையில ஓட்டிருவேன் மாமான்னு சொல்லிட்டுப் போனான்.

கேக்குறியா? ம்.

எப்சிபா ஓட்டப் படிச்சதும் புது மாதிரிக் கார்லதான். முத நாளு வண்டியில ஏறினதும் கண்ணை மூடி ஜெபம் பண்ணினா. அப்பா, கிளம்பும் முன்னால மூடு, கிளம்பினப்புறம் திறந்துக்கோன்னாரு. முன்சீட்டு ஒரே நீட்டு பெஞ்சு. அப்பா ஜன்னல் ஓரம், அத்தை நடுவுல. வண்டி டர்ர்னு உறுமுச்சு. எப்சிபாவோட இடது கை பழக்கத்துல கீழ போச்சு. கெட்டியா எதையோ பிடிச்சு ஒரே தள்ளா முன்னால தள்ளுறா, வண்டி நகரல. மறுபடி தள்ளுறா.

"ஏட்டி, அது என் கால் முட்டு," அப்படின்னா அத்தை. "என்னை எந்தக் கியர்ல போட்டு எங்க கொண்டு போகப் போற?"

அப்பா சிரிச்ச சிரிப்புல மாவுக்கட்டே ஆடுச்சு.

ரெண்டாவது நாளு வெளிச்சம். அந்தக் கார்ல முன் விளக்கைத் தாழ்த்தக் கையில ஸ்விட்ச் இல்ல. தரையில, கிளட்சுக்குப் பக்கத்துல, கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு குமிழு. இடது காலால அமுக்கணும். விளக்கை எரிய விட்டுப் பழகுறப்போ, அவ கிளட்ச்னு நினைச்சு அதைப் போட்டு டக்கு டக்குன்னு மிதிக்கிறா. பட்டப்பகல்ல விளக்கு மேலயும் கீழயும் கண்ணடிக்குது. எதிர்ல சைக்கிள்ல வந்த நம்ம கோயில் உபதேசியார் இறங்கி நின்னு, தன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு பதிலுக்குக் கையைக் காட்டிட்டுப் போனாரு.

மூணாவது நாளு ஹாரன். நேராப் போகும்போது அமுக்கினா மூச்சு விடாது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக்கிட்டு அமுக்கினா மட்டும் "பாஆஆம்". ஏன்ப்பா இப்படின்னு கேட்டா, அதுக்கு அப்படித்தான் பிடிக்கும்மான்னாரு அப்பா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அவ கையும் காலும் அந்தக் காரோட சேட்டைக்கெல்லாம் பழகிருச்சு.

தூங்கிட்டியா? ம். சரி, இனிமேதான் கல்யாணம்.

கல்யாணம் லெந்து காலம், அதான் ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு, தொடங்குறதுக்கு முந்தின நாளு. லெந்து வந்தா ஈஸ்டர் முடியற வரைக்கும் கோயில்ல கல்யாணம் கிடையாதே. அதனால அன்னிக்கு மட்டும் மாப்பிள்ளை ஊர்க் கோயில்ல மூணு கல்யாணம். பத்து மணிக்கு இவங்களுக்கு. ஐயர், அதான் கோயில் பாதிரியார், கண்டிப்பான மனுஷன். ஆராதனைக்கு முன்னால விட்டு விட்டு மூணு தடவை மணி அடிப்பாங்க. மூணாம் மணி அடிச்சு ஓயறதுக்குள்ள பொண்ணு வாசல்ல நிக்கணும், இல்லாட்டி அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுருவேன், உங்களுக்கு ஈஸ்டருக்கு அப்புறம்தான்னு சொல்லி வெச்சிருந்தாரு. ரூபனோட கப்பலோ அடுத்த வாரமே கிளம்புது. போனா வர பதினோரு மாசம்.

காலையில டைட்டஸ் கழுத்துல டை கட்டிக்கிட்டு வந்து, குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டி விடுற சோக்கை முழுசா இழுத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். டர்ர்ர்னு ஓடுது. அந்த நேரம் பார்த்து அத்தை, பொண்ணு வீடு விட்டுக் கிளம்புது, ஒரு சின்ன ஜெபம் பண்ணுவோம்னா. எல்லாரும் தலை குனிஞ்சாங்க. அத்தை ஜெபத்துல பொண்ணு வந்தா, மாப்பிள்ளை வந்தாரு, கப்பல் வந்துச்சு, கடல் வந்துச்சு, கடலுக்கு அந்தப் பக்கம் ஊழியம் செய்யுறவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்தாங்க. சோக் இழுத்த வண்டி பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டே நிக்குது. கறுப்புக் கறுப்பாப் புகை. குபுக், குபுக், புஸ்ஸ்ஸ். அத்தை "ஆமென்" சொல்லவும் இஞ்சின் அடங்கவும் சரியா இருந்துச்சு.

டைட்டஸ் இழுத்துப் பார்க்கிறான், அமுக்கிப் பார்க்கிறான். கிர்ர் கிர்ர்ங்குதே ஒழிய எழும்பல. காத்துல அந்த ஊர்க் கோயில் மணி வருது. டாங், டாங். முதல் மணி. அப்பா முகம் வெளுத்துப் போச்சு.

எப்சிபா பின்சீட்டுல இருந்து இறங்கினா. முக்காட்டைத் தூக்கித் தோள்ல போட்டா. பின்னால போய் உக்காருங்கத்தான்னு டைட்டஸை இறக்கி விட்டா. சோக்கை உள்ள தள்ளி, ஆக்சிலேட்டரைத் தரை வரைக்கும் மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டரை இழுத்தா. கிர்ர், கிர்ர், கிர்ர்... டர்ர்ர்ர். அத்தை அப்பாவுக்கும் எப்சிபாவுக்கும் நடுவுல ஏறி உக்காந்து, ரெண்டு கால் முட்டையும் இறுக்கிச் சேர்த்து வெச்சுக்கிட்டா.

உப்பளத்து ரோட்டுல போறாங்க. அப்போ குறுக்க ஒரு ஆட்டு மந்தை. மே மேன்னு ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. எப்சிபா ஸ்டீயரிங்கை இடது பக்கம் வளைச்சா. "பாஆஆம்". மறுபடி வளைச்சா. "பாஆஆம்". வண்டி ஆடுற ஆட்டத்தைப் பார்த்தே பாதி ஆடு ஓடிருச்சு. அந்நேரம் ரெண்டாம் மணி.

அப்புறம் வாய்க்கால் பாலத்து ஏத்தம். ரெண்டாவது கியருக்குக் குச்சியைக் கீழ இறக்கினா, டொக்குனு மாட்டிக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. அவ அழல. அப்பாவைப் பார்த்தா. அவரு, பானெட்டைத் திற, ஸ்டீயரிங் கம்பு அடியில ரெண்டு ஒல்லிக் கம்பி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், கீழ உள்ளதை உன் பக்கம் இழுன்னாரு. வெள்ளைச் சேலையோட இறங்கினா. வலது கையை உள்ள விட்டா. ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு, மூணாவது இழுப்புல டொக். கை முழங்கை வரைக்கும் கறுப்பு கிரீஸ். சேலையில ஒரு பொட்டுப் படல, கர்த்தர் காத்தாரு.

இங்க கோயில்ல மூணாம் மணி தொடங்கியாச்சு. ஐயர் அங்கி போட்டுக்கிட்டு நிக்கிறாரு. அடுத்த பொண்ணு வேற மாலையோட தயாரா நிக்குது. ரூபன் ரோட்டையே பார்க்கிறாரு, ஒண்ணும் தெரியல. அப்போ தூரத்துல, வளைவு திரும்புற இடத்துல, "பாஆஆம்". மணி அடிக்கிற கோயில்பிள்ளை அந்தச் சத்தத்தை இருபத்தாறு வருஷமா கேட்டவரு. முப்பத்திமூணு அடிச்சதும் நிறுத்தணும். அவரு நிறுத்தல. நாப்பது. அம்பது. ஐயர் எட்டிப் பார்த்து, என்னய்யா இன்னும் அடிக்கிறீருன்னு கேட்டாரு. கயிறு கையில மாட்டிக்கிச்சு ஐயான்னு சொல்லிக்கிட்டே அவரு டாங் டாங்னு அடிக்கிறாரு.

கிரீச். கார் வாசல்ல வந்து நின்னுச்சு. மணியும் நின்னுச்சு.

ஆராதனை தொடங்குச்சு. ஐயர் சுத்திப் பார்த்து, புஸ்தகத்துல உள்ளபடி கேட்டாரு, இந்தப் பெண்ணை விவாகத்துக்குக் கொடுக்கிறவர் யார்னு. அப்பா தன்னோட நல்ல கையால மகளோட வலது கையைப் பிடிச்சுத் தூக்கினாரு. கறுகறுன்னு இருக்கு அந்தக் கை. துடைக்கவும் நேரமில்ல. கோயிலே அதைப் பார்க்குது.

"கொடுக்கிறது நான்தான் ஐயா," அப்படின்னாரு. "கொண்டு வந்து சேர்த்தது அவ."

கண்டிப்பான ஐயருக்கே சிரிப்பு வந்து, புஸ்தகத்தால வாயை மூடிக்கிட்டாரு. ரூபன் அந்தக் கையை அப்படியே இறுக்கிப் பிடிச்சாரு. அவரு வெள்ளைக் கையுறை கறுப்பாச்சு, விடல. அப்புறம் கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்குப் போகையில, மாப்பிள்ளை முன்சீட்டுல உக்காந்து வந்தாரு, பொண்ணு ஓட்டினா. மாப்பிள்ளை வீட்டார் சிரிச்சாங்கதான். சந்தோஷத்துல சிரிச்சாங்க.

அவ்வளவுதான் கண்ணு. கார் வீடு சேர்ந்துருச்சு, கதையும் சேர்ந்துருச்சு, நீயும் தூக்கத்துல போய்ச் சேரு. கண்ணை மூடும் முன்னால ஒரு சின்ன ஜெபம் பண்ணு. என் பேரையும் அதுல ஒரு தடவை சொல்லிரு.