கால்வலியும் நெஞ்சுவலியும்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. அதன் முதலாளி சுயம்புலிங்க அண்ணாச்சி, எங்கே என்ன துயரம் நடந்தாலும் முதல் ஆளாக ஃபேஸ்புக்கில் அழுதுவிடுவார். மே தினத்தன்று, நாள் பூராவும் நின்றே துணி விற்கும் பெண்களை ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். 'இவர்கள் கால்வலி என் நெஞ்சுவலி' என்று எழுதிப் போட்டார். லைக் குவிந்தது. ஸ்டூல்கள் அன்றைக்கே குடோனுக்குப் போய்விட்டன.

மறுவாரம் கல்யாணப் பட்டு எடுக்க ஒரு பெரிய குடும்பம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்தக் கடைக்கு வந்தோம் என்றார் மாப்பிள்ளையின் அத்தை. அப்புறம், நின்றுகொண்டே புடவை விரித்த விற்பனைப் பெண் பிரம்மசக்தியைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் ஸ்டூல் எங்க?"

பின்னாலிருந்து அண்ணாச்சி முறைத்தார். இல்லை என்றால் வேலை போய்விடும். இருக்கிறது என்றால் எடுத்துக் காட்ட வேண்டும்.

"இருக்குக்கா, அண்ணாச்சி ஃபோன்ல இருக்கு. கால் வலிச்சா வாங்கிப் பார்த்துக்கிடுவோம்," என்றாள் பிரம்மசக்தி.

அத்தை எழுந்தார். குடும்பமே எழுந்தது.

"அப்ப நாங்களும் பட்டை ஃபோன்லயே பார்த்துக்கிடுதோம், அண்ணாச்சி."

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் குடோனிலிருந்து ஸ்டூல்கள் வந்து சேர்ந்தன. பெண்கள் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சிக்குக் கை சும்மா இருக்குமா? ஃபோனை நீட்டினார்.

பிரம்மசக்தி விரித்த பட்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"படம் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. எடுத்து முடிச்சதும் ஸ்டூலைத் தூக்கிட்டுப் போயிருவிய."