முழுத் தீர்ப்பும் சபைக்கே

தென்கரை நாட்டில் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே அவசரம். ராஜவீதியில் நடக்கிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பார்த்தார் சுந்தரவழுதி மகாராஜா. வழிக்காப்புச் சபை என்று ஒன்றை ஏற்படுத்தினார். வண்டிக்காரரோ நடக்கிறவரோ, வருஷத்துக்கு ஒரு மரக்கால் நெல் அளந்துவிட்டால் போதும்; வண்டி இடித்தால் வைத்தியச் செலவு சபையுடையது. நெல் அளந்த வண்டிக்குச் செப்புத் தகடு கிடைக்கும். தகடு இல்லாமல் ஓடிய வண்டிகளும் ஊரில் ஏராளம்.

சபைத் தலைவர் பேரம்பலத்தார். நெல் வாங்கும்போது வாயெல்லாம் பல். கொடுக்கும்போது வயிற்றுவலி வந்துவிடும். எந்த ஓலையானாலும் முதல் வரியை மட்டும் படித்து முத்திரை வைப்பார். "மிச்சமும் இதே மாதிரிதான் வே இருக்கும்" என்பார்.

ஒருநாள் மோர் விற்கும் ஆவுடைத்தங்கத்தின்மேல் தகடு இல்லாத வண்டி ஒன்று மோதியது. வலது கால் முறிந்தது. ஓட்டி வந்த மாசானத்துக்கு வண்டியையும் மாட்டையும் தவிர வேறு சொத்து கிடையாது. ஆவுடைத்தங்கம் தவறாமல் நெல் அளந்தவள். அதனால் எலும்பு கட்டும் நல்லமாடன் ஆசானுக்குச் சேர வேண்டியதைச் சபை கொடுத்தது. ஊர்ப் பஞ்சாயத்தும் கூடித் தீர்ப்பு எழுதியது. அதன் முதல் வரி: 'அவள் கால் கூடும்வரை மாசானத்தின் வண்டியும் மாடும் அவளுக்கே.' வண்டியில் உட்கார்ந்தபடியே மோர் விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று ஊரார் நினைத்தார்கள்.

மறுநாள் பேரம்பலத்தார் ஆள் அனுப்பி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆவுடைத்தங்கத்தைக் கட்டிலோடு தூக்கி அரசவைக்குக் கொண்டுவந்தார்கள். பேரம்பலத்தாரையும் மாசானத்தையும் மன்னர் வரவழைத்தார். கலிதீர்த்தானுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அரசவையில் வாய்ச் சாமர்த்தியத்துக்கென்றே சம்பளம் வாங்குகிறவன் அவன். தினமும் உச்சிவேளையில் அவள் கையால் மோர் வாங்கிக் குடித்தவன் வேறு.

"சபைக்கு எதுக்குய்யா வண்டி?" என்று பேரம்பலத்தாரைக் கேட்டார் மன்னர்.

"வைத்தியச் செலவைச் சபை கொடுத்துட்டுது மகாராஜா. இனி இடிச்சவன்கிட்டேயிருந்து இவளுக்கு வரவேண்டியதை எல்லாம் இவ இடத்துல நின்னு சபைதான் வாங்கிக்கிடும். விதி அப்படி!"

"கால் முறிஞ்சது எனக்கு, வண்டி உங்களுக்கா?" என்று அழுதாள் ஆவுடைத்தங்கம். "நாலு நாளா வீட்டுல அடுப்பு எரியல மகாராசா."

கலிதீர்த்தான் எழுந்தான். "மன்னா, விதி விதிதான். தலைவர் சொல்வது நியாயம்."

"சாமி, நீங்களுமா?" என்றாள் அவள்.

"ஒரே ஒரு சந்தேகம் தலைவரே. தீர்ப்பில் முதல் வரி மட்டும் சபைக்கா? முழுத் தீர்ப்புமா?"

பேரம்பலத்தாருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கீழே இன்னும் பல வரிகள் இருந்தன. வயலோ தோப்போ, யார் கண்டது?

"முழுசும் சபைக்குத்தான் வே! ஒரு எழுத்து விடமாட்டேன்!"

"சபை என்றால்?"

"நான்தான்! வேற யாரு?"

"அப்படியே ஆகட்டும். முத்திரை வையும்" என்றார் மன்னர். பேரம்பலத்தார் படிக்காமலே வைத்தார்.

கலிதீர்த்தான் ஓலையை வாங்கி உரக்கப் படித்தான். "இரண்டாம் வரி. மாசானம் தினமும் காலையில் அவளை முதுகில் சுமந்து ஆசான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றாம் வரி. பிரண்டையும் வேப்பம்பட்டையும் இடித்துக் கஷாயம் வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்க வைக்க வேண்டும். நான்காம் வரி. ஆசான் காலை இழுத்துக் கட்டும்போது திமிறாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். நாற்பத்தொரு நாள்."

"இதெல்லாம் அவளுக்கு எழுதினது!" என்று பதறினார் பேரம்பலத்தார்.

"அவள் இடத்தில்தான் நீர் நிற்கிறீரே! மாசானம், தலைவரைத் தூக்கு."

மாசானம் வாட்டசாட்டமான ஆள். மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கினான். ராஜவீதியில் பேரம்பலத்தார் முதுகில் போனார். பின்னால் மன்னர் பல்லக்கில் போனார். அதற்கும் பின்னால் ஆவுடைத்தங்கத்தின் கட்டிலும், வழக்கிலிருந்த வண்டியும் மாடும் போயின. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊரே வேடிக்கை பார்க்க ஓடிவந்தது.

மாசானம் காலையில் வைத்த கஷாயம் ஆசான் வீட்டில் ஒரு செம்பு நிறையத் தயாராக இருந்தது. மாசானம் மூக்கைப் பிடித்தான். பேரம்பலத்தார் குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்து மன்னர் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார்.

ஆசான் காலைத் தட்டிப் பார்த்தார். "ஏ, இது நல்ல கால்லா! முறிஞ்ச காலுக்குத்தான் நான் கட்டுப் போடுவேன்."

"கேட்டீரா வே!" என்று துள்ளினார் தலைவர்.

கலிதீர்த்தான் அசரவில்லை. "அதற்கென்ன ஆசானே, ஒரு நொடிப் பொழுது பொறுங்கள். வண்டியும் இப்போது சபையுடையதுதான். மாசானம், மாட்டைப் பூட்டி அன்றைக்கு ஓட்டிய மாதிரியே ஒருதரம் ஓட்டு. தலைவரே, நீர் கொஞ்சம் வீதியில் போய் நில்லும்."

மாசானம் நிஜமாகவே மாட்டைப் பூட்டப் போனான்.

"எழுத்தாணி!" என்று அலறினார் பேரம்பலத்தார். "யாராவது எழுத்தாணி கொண்டாங்கய்யா!"

மன்னர் சொல்லச் சொல்லப் பேரம்பலத்தார் தம் கையாலேயே புதுவிதி எழுதினார்: அடிபட்டவர் முழுக்கக் குணமாகும்வரை இடித்தவன் தருவது அத்தனையும் அடிபட்டவருக்கே, அதற்கு மேல் மிஞ்சினால்தான் சபைக்கு.

"முழுத் தீர்ப்பும் உனக்கே அம்மா. திருப்திதானே?" என்றார் மன்னர்.

ஆவுடைத்தங்கம் வண்டியைப் பார்த்தாள். காலியான செம்பைப் பார்த்தாள். பேரம்பலத்தாரின் முகத்தையும் பார்த்தாள்.

"வண்டி போதும் மகாராசா. கஷாயத்தை மட்டும் சபையே வெச்சுக்கிடட்டும்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கலிதீர்த்தான் கழுத்தில் போட்டார். அவள் கேட்டபடியே உத்தரவும் போட்டார்.