மீசை முளைத்த கணக்கு

முன்னொரு காலத்தில், காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை என்று வாழ்ந்த அரசர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் காலையில் அவருக்கு, நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் புலிகளாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. உடனே அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பள்ளி எழும்பியது. ஆண்பிள்ளைகளுக்குத் தலைமைக் கணக்காயர் அம்பலவாணர் பாடம் சொன்னார். பெண்பிள்ளைகளுக்கு நீலாம்பிகை சொன்னாள். அவள் அரசவை விகடகவி சிங்காரத்தின் மனைவி.

இதில் அம்பலவாணருக்கு இரண்டு வருத்தங்கள். தமக்குச் சமமாக ஒரு பெண் மணை போட்டு உட்கார்கிறாள் என்பது ஒன்று. அவள் சிங்காரத்தின் மனைவி என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் சுட்டது. சென்ற ஆடியில் சபை நடுவே அவர் விட்ட குறட்டையைத் தாளம் போட்டு எண்ணிக் காட்டியவர் ஆயிற்றே சிங்காரம்!

ஆண்டு முடிவில் தேர்வு வந்தது. கேள்விகளை அம்பலவாணர் எழுதினார். பதினைந்து பையன்களில் பதின்மூன்று பேர் தேறினார்கள். பன்னிரண்டு பெண்களில் ஒருத்திதான் தேறினாள்.

"பெண்களுக்கு எண் ஏறாது, அரசே. பௌர்ணமியோடு அந்த வகுப்பை மூடிவிடலாம்" என்றார் அம்பலவாணர். அது மாலை நேரம். "அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

வீட்டில் சிங்காரம் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"நீலா, ரசம் இன்னிக்கு உப்பு கரிக்குதே. அழுதுக்கிட்டே வச்சியா?"

"நான் ஏன் அழணும்? கை தவறிடுச்சு."

"ஒரு தடவை தவறின மாதிரி தெரியலையே!"

நீலாம்பிகை கேள்வி ஓலையை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "படிச்சுப் பாருங்க. யானைப்படை, மற்போர், சேவல் சண்டை, கோட்டை மதில். பத்துக் கேள்வியில ஒரே ஒரு பொண்ணு வர்றா. அவளும் தயிர்ப்பானையைப் போட்டு உடைச்சுட்டு அழறா."

"சரி, உன் பொண்ணுங்களுக்குக் கூட்டத் தெரியாதா?"

"கூட்டத் தெரியும். எதைக் கூட்டணும்னுதான் தெரியல. 'ஒன்பது யானை, கூர்வியூகம், ஐந்தில் முடிவு. மொத்தம் எத்தனை யானை?' கூர்வியூகம்னா என்னன்னு எனக்கே தெரியாதுங்க. பசங்க விடிஞ்சா பயிற்சிக் களத்துலதான் கிடக்காங்க. பொண்ணுங்களை அந்தப் பக்கமே விடறதில்ல. தேறினாளே தாயம்மை, அவ யாரு மகள் தெரியுமா?"

"யாரு?"

"யானைப்பாகன் மகள்."

சிங்காரத்தின் கை இலையிலேயே நின்றது.

"கூர்வியூகம்னா என்னன்னு அவதான் எனக்குச் சொன்னா. கேட்டதும் சிரிப்பே வந்துடுச்சு" என்று நீலாம்பிகை மாவைத் தொட்டுத் தரையில் ஏதோ வைத்துக் காட்டினாள். அதைப் பார்த்த சிங்காரத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

மறுநாள் சபையில் சிங்காரம் கை கட்டி நின்றார். "அரசே, தேர்வுக் கேள்விகளுக்கு மீசை முளைத்திருக்கிறது. பெண்பிள்ளைகள் பயந்துபோனதற்கு அதுவே காரணம்."

"பிதற்றல்!" என்றார் அம்பலவாணர். "எண்ணில் ஆண் ஏது, பெண் ஏது? ஒன்பது என்றால் எவருக்கும் ஒன்பதுதான்."

அரசருக்குப் புது ஆசை பிறந்தது. "சிங்காரம், அந்த மீசையை இச்சபையில் எமக்குக் காட்டும். காட்டாவிட்டால் பெண்கள் வகுப்பும் இராது, உம் மீசையும் இராது."

சிங்காரம் கையைத் தட்டினார். நாவிதர் முத்தாண்டி சவரப்பெட்டியோடு உள்ளே வந்தார். சபை முழுக்க மீசைகளாக இருந்தன.

"யாருக்குங்க சாமி?" என்றார் நடுங்கியபடி.

"பொறு முத்தாண்டி, சபை முடிவு செய்யும். முதலில் சபையோருக்கு ஒரு சிறு கணக்கு. சிறுமிகளும் நொடியில் சொல்லிவிடுவார்கள். ஒன்பது புள்ளி, இடைப்புள்ளி, ஐந்தில் முடிவு. மொத்தம் எத்தனை புள்ளி?"

சேனாபதி மெல்லத் தொண்டையைச் செருமினார். "இடை என்றால்... யாருடைய இடை?"

திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின.

அம்பலவாணர் விரலை மடக்கினார். "ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. ஆக முப்பத்தைந்து."

"இல்லை," என்றார் அரசர் கம்பீரமாக. "ஒன்பதை ஐந்தால் பெருக்க வேண்டும். நாற்பத்தைந்து."

அரசர் சொன்ன பிறகு மந்திரிமார் எல்லோருக்கும் நாற்பத்தைந்தே சரியென்று பட்டது.

"அறுபத்தொன்று!" என்று திரைக்குப் பின்னிருந்து அரசியாரின் குரல் வந்தது. "நடுவில் ஒன்பது. மேலே எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. கீழேயும் அப்படியே. மார்கழி முப்பது நாளும் அரண்மனை வாசலில் போடுகிறோம். இவர்கள் எல்லோரும் அதை மிதித்துக்கொண்டுதானே உள்ளே வருகிறார்கள்!"

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். "அநியாயம் அரசே! இது கோலக் கணக்கு, பெண்களுக்கான கேள்வி! வாசலில் குந்தியிராத எங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

"அப்படிச் சொல்லும், கணக்காயரே!" என்றார் சிங்காரம். "எண்ணில் ஆண் ஏது, பெண் ஏது என்றீர். என் கேள்வியின் பின்னல் மட்டும் உம் கண்ணில் பட்டுவிட்டதே! இது உம்முடைய கேள்விதான். யானையை இறக்கிவிட்டுப் புள்ளியை வைத்தேன். உம் கூர்வியூகமும் எங்கள் வீட்டு இடைப்புள்ளியும் ஒன்றே. விடையும் அதே அறுபத்தொன்றே."

அம்பலவாணர் உட்கார்ந்தார். மணை சற்றுத் தள்ளி இருந்ததால் தரையில் உட்கார்ந்தார்.

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இனிமேல் கோலக் கேள்விகளாகவே கேட்டுவிடலாமா?" என்றார்.

"வேண்டாம் அரசே. கோலம் போடத் தெரியாத பெண்ணும் உண்டு. மனைவி ஊருக்குப் போனால் விடியுமுன் வாசலில் புள்ளி வைக்கும் ஆணும் உண்டு. அவன் பெயரைக் கேட்காதீர்கள். மீசையும் வேண்டாம், பின்னலும் வேண்டாம். முத்தாண்டி, கத்தியை எடு!"

முத்தாண்டி கேள்வி ஓலையை மடியில் வைத்து, மாப்பிள்ளை முகத்தை மழிக்கும் கவனத்தோடு 'கூர்வியூகம்' என்ற சொல்லைச் சுரண்டி எடுத்தார். திரைக்குப் பின்னிருந்து வந்த நீலாம்பிகை இன்னோர் ஓலையில் எழுத்தாணியால் எழுதினாள்: 'நடு வரிசையில் ஒன்பது கற்கள். இரு பக்கமும் வரிசைக்கு ஒன்று குறைந்துகொண்டே போய் ஐந்தில் முடியும். மொத்தம் எத்தனை?'

இப்படியே ஒவ்வொரு கேள்விக்கும் சவரம் நடந்தது. "தயிர்ப்பானை உடைச்ச பொம்பளைய என்ன பண்றதுங்க அம்மா?" என்று கேட்டார் முத்தாண்டி.

"அவ இருக்கட்டும் அண்ணே. பானையை வாங்கி வச்சுட்டு, கையில தேரோட கடிவாளத்தைக் குடுத்துடலாம்."

பிள்ளைகளை வரவழைத்து அங்கேயே உட்கார வைத்து மறுபடி தேர்வு நடந்தது. பையன்களில் பன்னிரண்டு பேர் தேறினார்கள், பெண்களில் ஒன்பது பேர். முன்பு தோற்ற குயவர் வீட்டுப் பையன் இப்போது தேறிவிட்டான்; பானை வனைகிற பிள்ளை அவன், பயிற்சிக் களத்தைப் பார்த்ததே இல்லை. தோற்ற மூவரில் அம்பலவாணரின் மருமகன் ஒருவன்.

"பெண்களிலும் மூன்று பேர் தோற்றிருக்கிறார்களே?" என்றார் அரசர்.

"ஆம் அரசே" என்றார் சிங்காரம். "ஆனால் இவர்கள் தோற்றது கணக்கிடம், யானையிடம் அல்ல. கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். வகுப்பு மட்டும் இருந்தால் போதும்."

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சிங்காரத்துக்குப் போட்டார். "வகுப்பு இருக்கும். இனி எந்தக் கேள்வி ஓலையும் கணக்காயரும் நீலாம்பிகையும் சேர்ந்து படித்த பிறகே பிள்ளைகளிடம் போகும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நாற்பத்தைந்து என்று சொன்ன ஒருவர் இங்கே இருக்கிறார். அவருக்கு உங்கள் வகுப்பில் இடம் கிடைக்குமா?"

நீலாம்பிகை பணிவாக வணங்கினாள். "தாராளமாக வரலாம், அரசே. ஆனால் காலையில் சேர்ந்துவிட்டு மாலையில் வேண்டாம் என்று போகிறவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை."

அரசர் சிரித்த சிரிப்பில் சிங்காதனமே குலுங்கியது. சிங்காரம் முத்துமாலையைக் கழற்றி மனைவியின் கையில் வைத்தார். மறுநாள் பொழுது விடிந்ததும், பெண்கள் வகுப்பில் பதின்மூன்றாவது மணை ஒன்று போட்டார்கள்.