உதறிய வால்

அந்தக் காலத்தில், பல்லியும் மூஞ்சூறும் பேசிக்கொண்டிருந்த நாளில், ஒரு வீட்டு அடுப்பங்கரையில் இருட்டிய பிறகு ஒரு சத்தம் கேட்டது. ஈரச்சாக்கைத் தரையில் மெல்ல இழுப்பது போல. விறகுக்கு அடியில் மூன்று குட்டிகளோடு படுத்திருந்த தாய் மூஞ்சூறு தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"பாம்பு, அக்கா, பாம்பு! சுவர்ப் பொந்துக்கு ஓடு," என்றது மேலேயிருந்த பல்லி.

பொந்துக்குப் போகும் வழி அவளுக்குப் பழக்கம்தான். புதிதில் உப்பு ஜாடியின் வெள்ளையைப் பார்த்துத் திரும்புவாள், அரிவாள்மணையின் மினுக்கைப் பார்த்து ஒதுங்குவாள். போகப் போகப் பார்ப்பதே நின்றுபோயிற்று. கால்களே திரும்பின, கால்களே ஒதுங்கின. "கண்ணை வாடகைக்கு விட்டுட்டியா அக்கா?" என்று பல்லிகூடக் கேலி செய்யும். கூடவே அலைந்த பெரிய குட்டிகள் இரண்டுக்கும் அப்படியே. கடைக்குட்டி மட்டும் நேற்றுத்தான் வழி கற்றது. ஜாடியைத் தேடித் தேடித்தான் நடக்கும்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி விளக்கை அணைத்தாள்.

"அம்மா, ஒண்ணுமே தெரியலைம்மா," என்று கடைக்குட்டி அவள் வாலைக் கவ்விக்கொண்டது.

"விடுடா, ஓட முடியலை. தெரிஞ்ச வழிதானே, பின்னாலேயே வா!" வாலை உதறிவிட்டு ஓடினாள்.

தெரிந்த வழிதான். யாருக்குத் தெரிந்த வழி என்று அவள் யோசிக்கவில்லை.

பொந்துக்குள் வந்து திரும்பினால் குட்டி இரண்டுதான். இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, ஜாடியைக் காணோம்! எந்தப் பக்கம் திரும்பணும்?"

ஓடிப்போய்த் தூக்கிவந்திருப்பாள், நடுவில் அந்தச் சத்தம் கிடந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இடமா, வலமா? பார்த்து நடந்த நாளில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மனப்பாடமாய் ஒப்பித்திருப்பாள். இப்போது அது கால்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது, வாய்க்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே ஓடுவதுபோல் கால்களை அசைத்துப் பார்த்தாள். விறகு... ஜாடி... இங்கே...

"வலப்பக்கம்டா கண்ணு! வலப்பக்கம்!"

பதில் இல்லை. ஊர்கிற சத்தமும் நின்றிருந்தது.

"பொந்தை அடைச்சிடு அக்கா. இதுக ரெண்டாவது இருக்கட்டும்," என்றது பல்லி, கீழே பார்க்காமல்.

அந்த இரவு முதல்தான் மூஞ்சூற்றுத் தாய் வாயால் வழி சொல்வதில்லை. அவள் வாலை ஒரு குட்டி, அதன் வாலை இன்னொரு குட்டி என்று கவ்விக்கொண்டே போகின்றன. கடைசி வாலையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவள் பொந்தின் வாயை உள்ளிருந்து அடைக்கிறாள்.